போர்க்குணம் பிறவிக்குணமா?

வன்செயல் மனிதனுடைய பிறவிக்குணம் என்னும் கூற்று இன்று நேற்றுத் தோன்றியதன்று. போர் மூளும்போதும், ஊர் எரியும்போதும், பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் இன்னொருவனை அடித்து வீழ்த்தும்போதும் இக்கூற்று ஏதோ ஒரு வடிவில் நம் காதில் விழுகின்றது. 'மனிதனும் ஒரு மிருகந்தானே' என்பார் ஒருவர். 'இரத்தத்தில் ஊறியதை எவரால் மாற்றமுடியும்?' என்பார் இன்னொருவர். இவ்வாறு சொல்வோர் தாம் ஒரு விஞ்ஞான உண்மையையே கூறுவதாக நம்புகின்றனர். அந்நம்பிக்கை எவ்வாறு தோன்றியதாயினும் அதன் விளைவு ஒன்றே. வன்செயல் இயற்கை என்று ஆகிவிட்டால், அதனை ஏவியவர் யார், அதனாற் பயனடைந்தவர் யார், தடுக்கும் வலிமை இருந்தும் வாளாவிருந்தவர் யார் என்னும் கேள்விகள் அனைத்தும் வேண்டாதனவாகிவிடுகின்றன. இடி விழுந்ததற்கு யாரை விசாரிப்பது?

விஞ்ஞானத்தின் பெயராற் கூறப்படுவதை விஞ்ஞானத்தைக் கொண்டே உரைத்துப் பார்த்தல் தகும். அதற்கு நாம் இங்கே சாட்சிக்கு அழைப்பது மனிதனையன்று, மீனை. இத்தெரிவு விந்தையாகத் தோன்றலாம். எனினும் இதற்கு இரண்டு நியாயங்கள் உள. வன்செயலைப் பிறவிக்குணமெனக் கொள்ளும் கோட்பாட்டுக்கு இருபதாம் நூற்றாண்டிற் பெருஞ் செல்வாக்கைத் தேடித்தந்தவர் தம் சான்றுகளுட் பலவற்றை மீன்தொட்டிகளிலிருந்தே பெற்றார் என்பது ஒன்று. மீனின் மூளை சிறியது. அதன் நரம்புக்கலங்களின் தொழிற்பாட்டை நேரே ஆராய்வது அண்மைக் காலத்தில் இயலுவதாயிற்று என்பது மற்றையது. மீனிடத்திலேயே அக்கோட்பாடு நிலைபெறாதாயின் மனிதனிடத்தில் அது எவ்வாறு நிலைபெறும்?

சயாம் என முன்னர் வழங்கிய தாய்லாந்தின் வயல்நீரிலும் சதுப்புகளிலும் வாழ்வது சண்டைமீன். ஒரு விரலளவே நீளமுடையது. ஆண்மீன் நீர்மட்டத்தில் நுரையாற் கூடு கட்டி, முட்டைகளை அதிற் சேர்த்துக் காவல் செய்யும். மற்றோர் ஆண் அண்மையில் வந்தால் அதன் கோலம் மாறிவிடும். நிறம் ஆழமாகும், செட்டைகள் அனைத்தும் விரியும், செவுள் என்றும் பூ என்றும் வழங்கும் மூச்சுறுப்பின் மூடிகள் இருபுறமும் எழுந்து முகத்தைச் சுற்றி ஒரு வட்டமாக நிற்கும். பின்னர் அது பக்கவாட்டாகத் திரும்பி வாலால் நீரை அடிக்கும். எதிர்மீனும் அவ்வாறே செய்யும். ஒன்று காட்ட ஒன்று பார்க்கும். பின் மற்றையது காட்ட இது பார்க்கும். பண்டைய வீரர் போருக்கு முன் வஞ்சினம் கூறினர் என்று படிக்கின்றோம். மீன் தன் உடலாற் கூறும் வஞ்சினமே இது எனலாம்.

இவ்வஞ்சினத்தின் பொருள் யாது? கொல்லும் வெறியின் முன்னோட்டம் என்றே மேலோட்டமாகப் பார்ப்பவர் கருதுவர். ஆயின் உற்று நோக்குமிடத்து உண்மை வேறாகக் காணப்படுகின்றது. செவுள்மூடியை விரித்து வைத்திருத்தல் மீனுக்கு எளிதான செயலன்று. அது மூச்சுக்கு இடைஞ்சலானது. நீரில் ஒட்சிசன் குறைந்தால் இம்மீன்கள் மூடியை விரித்து நிற்பதும் குறைந்துபோகின்றது என்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. எனவே நெடுநேரம் விரித்து நிற்பவன் தன் வலிமையைப் பொய்யின்றி அறிவிக்கின்றான். சிம்சன் என்னும் ஆய்வாளர் 1968ஆம் ஆண்டில் இம்மீன்களின் காட்சிகளை நுணுக்கமாக அளந்து எழுதினார். தொடக்கத்தில் இரு மீன்களும் ஒன்றுக்கொன்று ஈடாகவே காட்டி நிற்கும். போகப்போக ஒன்றின் காட்சி தளரும். தளர்ந்தது செட்டையை மடக்கி, நிறம் வெளிறி, விலகிச் செல்லும். விலகிச் செல்ல இடமுள்ள இயற்கை நீர்நிலையிற் பெரும்பாலான பிணக்குகள் இவ்வாறே முடிந்துவிடுகின்றன. வஞ்சினத்தின் நோக்கம் சண்டையைத் தொடக்குவதன்று. பெருஞ் சேதமின்றி அதனைத் தீர்த்துவைப்பதே என்று கூறுதல் தவறாகாது.

அவ்வாறாயின், ஒன்றையொன்று குதறிக் குற்றுயிராகும் சண்டைமீனைப் பற்றி நாம் கேள்விப்படுவது எவ்வாறு? அது சாடியின் கதை. மனிதர் இரண்டு ஆண்மீன்களைப் பிடித்து ஒரு சிறு கண்ணாடிச் சாடியில் இட்டனர். தோற்றவன் ஓடுவதற்கு அங்கே இடமில்லை. ஓடாது நிற்பவனை வென்றவன் இன்னும் எதிர்ப்பவனாகவே காண்கின்றான். சாடியைச் சுற்றிப் பந்தயம் கட்டியவர்கள் நின்றனர். அம்மட்டிலும் அவர்கள் நிற்கவில்லை. விரைவில் விட்டுக்கொடுக்கும் மீனை ஒதுக்கி, விடாது போரிடும் மீனையே இனம்பெருக்கினர். 2022இல் வெளியான பரம்பரையலகு ஆய்வொன்று, குறைந்தது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மீன் மனிதரின் வளர்ப்புயிராகிவிட்டது எனத் தெரிவிக்கின்றது. 2019இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இன்று உலகெங்கும் அலங்காரத் தொட்டிகளில் நாம் காணும் சண்டைமீன் இயற்கையின் படைப்பு மட்டுமன்று. மனிதனின் விருப்பத்துக்கும் பணத்துக்கும் ஏற்ப வார்க்கப்பட்ட படைப்புமாகும். பந்தயக்காரன் தான் வளர்த்த வெறியைச் சுட்டிக்காட்டி 'இதுவே இயற்கை' என்பானாயின், அவனை நம்புதல் பேதைமையாகும்.

இனி, கோட்பாட்டினை வகுத்தோரை நோக்குவோம். நிக்கோ டின்பேர்கன் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் முதுகில் மூன்று முட்களையுடைய சிறுமீனொன்றை ஆராய்ந்தவர். இனப்பெருக்க காலத்தில் அதன் ஆணுக்கு அடிவயிறு சிவக்கும். யன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி சென்றபோது தொட்டியிலிருந்த ஆண்மீன்கள் அதனை நோக்கிப் பாய்ந்தன என்று அவர் எழுதியது உலகப் புகழ்பெற்ற செய்தியாயிற்று. மீனின் உருவத்தை ஒத்திராத பொம்மையாயினும் அடிப்புறம் சிவந்திருந்தாற் போதும், மீன் தாக்கும் என அவர் காட்டினார். பிற்காலப் பரிசோதனைகள் யாவும் இம்முடிவை அவ்வாறே உறுதிசெய்யவில்லை. எனினும் விலங்கின் நடத்தையைக் கட்டுப்பாடான பரிசோதனைக்கு உட்படுத்தலாம் என்பதை நிலைநாட்டிய பெருமை அவருக்குரியது.

அவருடைய நண்பர் ஒஸ்திரியரான கொன்ராட் லோரன்ஸ் மேலும் ஒரு படி சென்றார். 1963இல் அவர் வெளியிட்ட நூல், தாக்குணர்ச்சியை விலங்குக்கும் மனிதனுக்கும் பொதுவான இயல்பூக்கமாக விளக்கியது. தொட்டியில் நீர் நிறைவதுபோல் அவ்வுணர்ச்சி உள்ளே தானாகவே நிறைந்துகொண்டிருக்கும். வெளியேற வழியின்றேல் எங்காவது உடைத்துக்கொண்டு பாயும் என்பது அவர் கருத்து. தாக்குவதற்கு அயலான் இல்லாத தொட்டியில் ஆண்மீன் தன் துணையையே தாக்கும் என்பது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. அவர் போரைப் போற்றியவர் அல்லர். விளையாட்டுப் போட்டிகள் போன்றவற்றால் அவ்வுணர்ச்சிக்கு வடிகால் அமைக்கலாம் என்றே எழுதினார். ஆயினும் உவமையாக வந்த நீர்த்தொட்டி, படித்தோர் பலரின் உள்ளத்தில் உண்மையாகவே நிலைத்துவிட்டது. மூளையில் நிறைந்து வழியும் தொட்டி எதனையும் எவரும் கண்டதில்லை. இந்நூல் வெளிவருவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1953இல், டானியல் லெர்மன் என்னும் அமெரிக்க அறிஞர் லோரன்ஸின் இயல்பூக்கக் கொள்கையை மறுத்து எழுதியிருந்தார். ஒரு செயலைப் 'பிறவியில் வந்தது' என்று பெயரிட்டுவிட்டால் அது எவ்வாறு வளர்ந்து உருவாயிற்று என்னும் ஆராய்ச்சியே நின்றுவிடும் என்பது அவர் எழுப்பிய தடைகளுள் முக்கியமானது.

இவ்விரு நண்பர்களின் வாழ்க்கையிலே நாம் மனங்கொள்ளத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. லோரன்ஸ் 1938இல் நாசிக் கட்சியிற் சேர்ந்தார். டின்பேர்கனோ, தம் பல்கலைக்கழகத்தின் யூத ஆசிரியர்கள் விலக்கப்பட்டதை எதிர்த்து நின்றோருள் ஒருவர்; 1942 முதல் 1944 வரை ஜேர்மனியரின் பணயத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். 1973இல் இருவரும், கார்ல் பொன் பிரிஷ் என்பாரோடு, நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இருவரும் பயின்றது ஒரே விஞ்ஞானம். இருவரும் உற்று நோக்கியவை மீனும் பறவையுமே. ஆயினும் சோதனைக் காலத்தில் ஒருவர் நின்ற இடம் வேறு. மற்றவர் நின்ற இடம் வேறு. மீனைப் பற்றிய உண்மை எதுவும் ஒரு மனிதனை எந்த அணியில் நிற்கவேண்டும் எனப் பணித்துவிடுவதில்லை.

நடத்தையிலிருந்து மூளைக்கு வருவோம். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த வால்ட்டர் ஹெஸ் பூனையின் மூளையிலே நுண்ணிய மின்வாய்களைச் செருகி, அடிமூளையின் ஒரு பகுதியைத் தூண்டியபோது பூனை சீறித் தாக்கியது. 1949இல் அவர் நொபெல் பரிசு பெற்றார். மீனிலும் இதனையொத்த பகுதியைத் தூண்டித் தாக்குதலை எழுப்பலாம் என்பது வட அமெரிக்க நன்னீர் மீனொன்றில் நிகழ்ந்த ஆய்வு வாயிலாக 1971இல் வெளிவந்தது. இச்செய்திகள் பொதுமக்களை எட்டியபோது, மூளைக்குள் 'சினப் பொத்தான்' ஒன்று இருப்பதாக ஒரு கருத்துப் பரவியது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிவதுபோல் விலங்கு பொங்கி எழும். மனிதனுக்கும் அத்தகையதொரு பொத்தான் உண்டு. ஆகவே அவன் என்ன செய்வான், பாவம்!

பிற்கால ஆய்வுகள் இப்பொத்தான் கருத்தைப் பெரிதும் தகர்த்துவிட்டன. கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மையிற் சண்டைமீனின் முழு மூளையையும் ஆராய்ந்து, வஞ்சினம் நிகழும்போது எந்தெந்தப் பகுதிகள் தொழிற்படுகின்றன எனப் பார்த்தனர். முன்மூளையின் மேற்புறத்தே நடுவிலுள்ள ஒரு பகுதி அவர்கள் கவனத்தை ஈர்த்தது. பாலூட்டிகளிலே அச்சம், சினம் முதலியவற்றோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதிக்கு ஒப்பானது அது. அப்பகுதியின் பணி பற்றி அவர்கள் கண்டது யாதெனில், மோதலில் விலகாது தொடர்ந்து ஈடுபட்டு நிற்பதற்கு அது துணைபுரிகின்றது என்பதாகும். இங்கே வினா நுணுக்கமடைகின்றது. சினம் மூள்வதா, மூண்டது நீடிப்பதா என்பன வெவ்வேறு வினாக்கள். அன்றாட வாழ்விலும் இவ்வேறுபாட்டை நாம் அறிவோம். சினம் எல்லார்க்கும் வரும். அதனை நாட்கணக்கில் வளர்த்துப் பேணுவது வேறொரு செயல்.

இதனினும் சிந்தனைக்குரியது யப்பானிய விஞ்ஞானிகள் 2016இல் வெளியிட்ட ஆய்வு. உடலில் நீளவரிகளையுடைய வரிக்குதிரை மீனின் மூளையில் ஹபெனூலா என்னும் சிறு பகுதி உண்டு. அதனுள்ளே அருகருகாக இரு நரம்புப் பாதைகள் செல்கின்றன. ஒரு பாதையை அடைத்துவிட்டால் அம்மீன் எளிதில் தோற்றுப்போகின்றது; மற்றைய பாதையை அடைத்துவிட்டால் அது பெரும்பாலும் வென்றுவிடுகின்றது. ஆகவே விட்டுக்கொடுத்தல் என்பது சண்டையிடும் ஆற்றல் தீர்ந்துபோன வெறுமையன்று. விட்டுக்கொடுப்பதற்கெனவும் மூளையில் ஒரு பாதை அமைந்துள்ளது. போரிட வைக்கும் நரம்பு இயற்கையாயின், பணிந்து விலக வைக்கும் நரம்பும் அதேயளவு இயற்கைதான். 'இயற்கை' என்னும் சொல்லை ஒருபக்கத்து நரம்புக்கு மட்டும் உரிமையாக்கியவர் யார்?

இவ்விரு பாதைகளுக்கிடையே தராசு எப்பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிப்பது யாது? அதே ஆய்வுக் குழாத்தைச் சேர்ந்தோர் 2020இல் அதற்கு ஒரு விடை தந்தனர்: பசி. பட்டினி கிடந்த மீன்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. வெல்லும் வாய்ப்பு அவற்றுக்கு மிகுந்தது. பசியின்போது சுரக்கும் ஒரு பொருள் வெற்றிப் பாதையை வலுப்படுத்துகின்றது என அவர்கள் கண்டனர். பசித்த வயிறு மூளையின் நரம்புப் பாதையையே மாற்றுகின்றது என்னும் இவ்வுண்மையை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். பசித்தவன் சண்டைக்காரன் ஆகின்றான் என்று வாழ்ந்தறிந்தோர் சொன்னபோது அது வெறும் உணர்ச்சிப் பேச்சு எனச் சிலர் தள்ளினர். மீனின் நரம்பு அவ்வுண்மைக்குச் சான்று கூறுகின்றது.

ஆபிரிக்காவின் தங்கனீக்கா வாவியில் வாழும் ஒரு சிறுமீனின் வரலாறு இன்னும் வியப்பானது. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ரசல் பேர்ணால்டும் அவருடைய மாணவர்களும் பல்லாண்டுகளாக அதனை ஆராய்ந்தனர். அம்மீனின் ஆண்களுட் சிலவே நிலப்பரப்பைக் கைப்பற்றி ஆளும். ஆள்வன பளிச்சிடும் நிறமும் கண்ணருகே கறுத்த கோடும் உடையன. பிறவற்றை அச்சுறுத்தி விரட்டுவன. ஏனையவை மங்கிய நிறத்தோடு ஒதுங்கி வாழும். இவ்விரு கூட்டமும் பிறப்பில் வேறுபட்டவையல்ல. ஆளும் மீனை அகற்றிவிட்டால், அடங்கியிருந்தவற்றுள் ஒன்று சில நிமிடங்களுக்குள் நிறம் மாறி ஆள்வோனாக நடக்கத் தொடங்குகின்றது. அவ்வேளையில் அதன் மூளையில் உறங்கிக் கிடந்த ஒரு பரம்பரையலகு விழித்துத் தொழிற்படுவதை 2005இல் அவர்கள் காட்டினர். நாட்கள் செல்ல, இனப்பெருக்கத்தை ஆளும் நரம்புக்கலங்கள் பருக்கின்றன. ஆளும் மீனில் அக்கலங்கள் அடங்கிய மீனில் உள்ளவற்றிலும் ஏறக்குறைய 8 மடங்கு பருமன் உடையவை. ஆட்சி பறிபோனால் அவை மீண்டும் சுருங்குகின்றன.

இதன் பொருளை நன்கு உணர்தல் வேண்டும். பெரிய கலங்கள் இருந்தமையால் அம்மீன் ஆட்சிக்கு வந்ததன்று. ஆட்சிக்கு வந்தமையால் அதன் கலங்கள் பெருத்தன. ஆள்வோன் மூளையையும் அடங்கியோன் மூளையையும் வெட்டி அருகருகே வைத்துக் காட்டி, 'பாருங்கள், இவன் ஆளப் பிறந்தவன், இவன் அடங்கப் பிறந்தவன்' என்று ஒருவர் சொன்னால் கேட்போர் நம்பிவிடக்கூடும். கண்ணாற் கண்ட வேறுபாடு உண்மை. அதற்கு அவர் கற்பித்த காரணம் பொய். சாதியின் பெயராலும், நிறத்தின் பெயராலும், பெண்மையின் பெயராலும் இவ்விதப் பொய்கள் எத்தனை முறை விஞ்ஞானமாக விற்கப்பட்டன என்பதை வரலாறு கற்றோர் அறிவர். சமூகத்தில் ஓர் உயிர் பெற்றிருக்கும் இடம் அதன் மூளையிலே எழுதப்படுகின்றது. எழுதப்பட்டதைப் படிப்பவர், எழுதிய கையை மறந்துவிடலாகாது.

இம்மீன்கள் பார்வையாளராகவும் இருக்கின்றன. சண்டைமீன் பிற மீன்களின் பிணக்கைப் பார்த்து நின்று, பின்னர் தோற்றவனை விட வென்றவனை அணுகவே அதிகம் தயங்குகின்றது என்பது 1998இல் வெளியாயிற்று. தங்கனீக்கா மீனோ, முதலாமவன் இரண்டாமவனையும் இரண்டாமவன் மூன்றாமவனையும் வென்றதைக் கண்டு, தான் நேரிற் கண்டிராத சோடிகளுள்ளும் வலியவன் எவன் என ஊகித்துக்கொள்கின்றது என்பது 2007இல் தெரியவந்தது. 2010இல் மேலும் ஒரு செய்தி வந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியிலே தன் நிழலோடு போரிடும் மீனும், உண்மைப் பகைவனோடு போரிடும் மீனும் புறத்தே ஒரே விதமாக நடந்தன. இரத்தத்தில் ஓமோன்களும் ஒத்திருந்தன. ஆயின் மூளையில், அமிக்டலாவுக்கு ஒப்பான அப்பகுதியில், வேறுபாடு காணப்பட்டது. நிழலோடு போரிட்ட மீனிலேயே அது மிகுதியாகத் தொழிற்பட்டிருந்தது. புறச்செயல் ஒன்றாயிருப்பினும் அகநிலை வேறாயிருக்கலாம் என்பது மீனுக்கே பொருந்துமாயின், மனிதரைப் புறச்செயல் கொண்டு மட்டும் எடைபோடுவோர் எவ்வளவு எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்!

இதுகாறும் கூறியவற்றால் தாக்குணர்ச்சிக்கு நரம்பு அடிப்படையே இல்லை என்று நாம் கூறவில்லை. அடிப்படை உண்டு. ஆனால் அடிப்படை என்பது அத்திவாரமேயன்றி வீடன்று. ஒரே அத்திவாரத்தின்மேல் சிறைச்சாலையும் கட்டலாம், பள்ளிக்கூடமும் கட்டலாம். நரம்பு செய்வது கட்டளை இடுவதன்று. எதிரி யார், இடம் எவ்வளவு, வயிற்றில் என்ன, பார்த்து நிற்போர் யார் என்பனவற்றை எல்லாம் நிறுத்துப் பார்ப்பது. சூழ்நிலை மாறினால் நிறையும் மாறும்.

முற்போக்காளராகிய நம்மிடையே இதற்கு எதிரான ஒரு தவறும் உண்டு. மனிதன் வெறுஞ் சுவர்; சமூகம் எழுதுவதே அதில் எழுத்து; நரம்பு, பரம்பரை என்று பேசுவதெல்லாம் பிற்போக்கு என்று கருதுவது அது. இத்தவற்றுக்குச் சோவியத் நாடு கொடுத்த விலை சிறிதன்று. லைசென்கோ பரம்பரையலகுக் கொள்கையை முதலாளித்துவப் பொய் எனத் தூற்றி அதிகாரத்தின் துணையோடு அடக்கினார். பயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த மாமேதை வாவிலொவ் 1943இற் சிறையில் இறந்தார். மக்களின் பெயரால் ஓர் உண்மையை மறுப்பதனால் மக்களுக்கு நன்மை விளைவதில்லை. சண்டைமீனிடத்திலும் பரம்பரை உண்டு. பந்தயக்காரர் தெரிந்தெடுத்து வளர்த்தமையால் வெறி மிக்க இனம் உருவானது என்பதே அதற்குச் சான்று. நாம் மறுப்பது பரம்பரையையன்று. பரம்பரையைக் காட்டிப் பொறுப்பைத் துறப்பதையே.

ஒரு செயலுக்குக் காரணம் கூறுதல் வேறு. அதனை நியாயப்படுத்துதல் வேறு. மூளையின்றி எச்செயலும் இல்லை. கொலை செய்தவனின் கையை நரம்பு இயக்கிற்று. கொலையைத் தடுக்கப் பாய்ந்தவனின் கையையும் நரம்பே இயக்கிற்று. இருவர்க்கும் பொதுவான ஒன்றைக் காட்டி ஒருவனை மட்டும் விடுவித்தல் எவ்வாறு பொருந்தும்? நரம்பு அறிவினால் நாம் பெறத்தக்கது மன்னிப்புப் பத்திரமன்று. எந்நிலைமையில் எது நிகழும் என்னும் முன்னறிவு. முன்னறிவு பெற்றவனின் பொறுப்புக் குறைவதில்லை, கூடுகின்றது. பசி வெறியை வளர்க்கும் என அறிந்த பின்னும் பசியை வளர்ப்பவன், அறியாதிருந்தவனிலும் பெரிய குற்றவாளியல்லனோ?

மேலும், மீனின் பிணக்கையும் மனிதனின் போரையும் ஒன்றெனக் கொள்வது அடிப்படையிலேயே பிழையானது. மீன் தன் எதிரியைக் கண்ணாற் காண்கின்றது. அவன் செட்டை மடக்கியதும் தன் வெறி தணிகின்றது. விமானத்திலிருந்து குண்டு வீசுபவன் எவருடைய முகத்தையும் காண்பதில்லை; கீழே ஒருவர் கைகூப்பி நிற்பது அவனுக்குத் தெரியாது. பொறிமுறைக் கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரிக்குச் சினமே தேவையில்லை, கையெழுத்துப் போதும். போர் சினத்தினால் மட்டும் நடப்பதன்று. வரவு செலவுத் திட்டத்தினாலும் ஆயுத வணிகத்தினாலும் பொய்ச் செய்தியினாலும் நடப்பது. 1986இற் பல நாட்டு விஞ்ஞானிகள் ஸ்பெயினின் செவில் நகரிற் கூடி, போர் மனிதப் பரம்பரையலகுகளில் எழுதப்பட்டது என்பது விஞ்ஞானத்துக்குப் புறம்பானது என அறிக்கை வெளியிட்டனர். 1989இல் யுனெஸ்கோ அதனை ஏற்றுக்கொண்டது. போரை ஆக்கிய மனித இனம் சமாதானத்தையும் ஆக்கவல்லது என்பதே அதன் சாரம்.

நம் நாட்டு வாசகர்க்கு இவ்விவாதம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1983 யூலையில் நிகழ்ந்ததைப் பொதுமக்களின் கட்டுக்கடங்காத கோபம் வெடித்தது என விளக்கியோர் உண்டு. ஆனால் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்றோரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தமை பலராற் பதிவுசெய்யப்பட்டுள்ளது. இயல்பூக்கம் இடாப்புப் பார்த்து வருவதில்லை. இடாப்பை எடுத்துக் கொடுத்தவர் ஒருவர், வண்டி ஒழுங்கு செய்தவர் ஒருவர், பார்த்தும் பாராதிருந்தவர் ஒருவர் என அங்கே பொறுப்புகள் பகிரப்பட்டிருந்தன. அதே தெருக்களில், அதே நாட்களில், தம் உயிருக்கு வரக்கூடிய ஆபத்தைப் பாராது தமிழ் அயலவரை வீட்டினுள்ளே மறைத்து வைத்துக் காத்த சிங்கள மக்களும் இருந்தனர். தீ வைத்தவனுக்கும் கதவு திறந்தவனுக்கும் மூளையின் அமைப்பில் வேறு பகுதிகள் இருந்தனவா? 'மிருக உணர்ச்சி' என்று ஒரு சொல்லால் அந்நாட்களை மூடிவிடுவோர் குற்றவாளியை மறைப்பது மட்டுமன்றிக் கதவு திறந்தவரின் அறத்தையும் மறைத்துவிடுகின்றனர்.

ஆசிரியராயுள்ளோர்க்கு இதன் பாடம் இன்னும் அண்மையிலுள்ளது. அடிதடியில் இறங்கும் மாணவனைப் பற்றி 'அவன் பிறவியே அப்படி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுதல் எளிது. அவன் காலையில் உண்டானா, வகுப்பில் அவனுக்கு மதிப்புக்குரிய ஓர் இடம் உண்டா, தோற்றபோது மானம் குலையாது விலகிச் செல்ல அவனுக்கு ஒரு வழி விட்டோமா, சுற்றி நின்று ஆர்ப்பரித்தோர் யார் என்று கேட்பது கடினம். கேட்டால் விடையின் ஒரு பகுதி நம்மை நோக்கித் திரும்பக்கூடும். அவ்வாறு கேட்பதனால் அடிபட்டவனுக்கு நீதி மறுக்கப்படுவதில்லை. அடித்தவன் தன் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டியதும் நீங்குவதில்லை. நாளை இன்னொருவன் அடிபடாதிருக்க வழி பிறக்கின்றது, அவ்வளவே.

சண்டைமீனுக்குத் தன் சாடியைப் பற்றிச் சிந்திக்க இயலாது. அதனை ஆக்கியவன் யார் என்று அது கேட்பதில்லை. இன்னும் சற்று அகலமாக்கு என்று அது கோருவதுமில்லை. மனிதனுக்கு அவை இயலும். பிறவியால் நாம் பெற்ற நரம்புகளுட் சில நம்மைச் சண்டைக்கு இழுக்கலாம். சில விலகிச் செல்ல வைக்கலாம். ஆனால் எந்தச் சாடிக்குள் நம்மை அடைத்திருக்கின்றார்கள், அதன் சுவரைச் சுற்றிப் பந்தயம் கட்டி நிற்போர் யார் என்று கேட்கும் ஆற்றலும் அதே மூளையின் ஆற்றலே. அக்கேள்வியைக் கேட்கப் பழக்குவதே கல்வியின் முதற் கடமை என்பது நம் துணிபு.